கதிர் படாத இடம்

பிப்ரவரி 4, செவ்வாய்

தளவாயின் விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளைப் படம் எடுத்துச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார். கூட ஒரு வார்த்தையும் இல்லை. அலுவலகத்தில் இருந்திருப்பார். மே மாதத் தொடக்கத்துக்குள் வந்து இறங்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கிறது.

கணவர் வரப் போகிறார் என்று ஆய்வகத்தில் சொன்னேன். எல்லோரும் கைகுலுக்கினார்கள். "இனி நீ வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்பிவிடுவாய்" என்றார் பேராசிரியர் ரைனர். அவருக்கு அடுத்த வருடம் ஓய்வு. சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்திருப்பவர் அவர்.

மாலையில் துணி அலமாரியில் பாதியைக் காலி செய்தேன். என் சேலைகள் எல்லாம் பெட்டிக்குப் போயின. இந்த ஊரில் யாருக்கு உடுத்துவது.

பகல் முழுக்க ஆங்கிலம், கடையில் அரைகுறை ஜெர்மன். தமிழ் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியோடு சரி. கையாவது மறக்காமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தளவாய் பேசினார். அவர் வேலை பார்க்கும் வால்வு கம்பெனியில் மார்ச் வரை ஆடிட்டாம்.

"டிக்கெட் பாத்தீங்களா?"

"பாத்துட்டு இருக்கேன். ஆடிட் முடியாம லீவு கேக்க முடியாது செண்பா. ஒனக்குத் தெரியாததா."

எனக்குத் தெரியும். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் பேசுவோம். இன்று சோறு வேகும் முன்பே முடிந்துவிட்டது. நல்லதுதான், எனக்கும் அடுத்த மாதப் பரிசோதனைக்கு ஆயத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

இன்று ஆய்வக உணவகத்தில் தட்டோடு வரிசையில் நிற்கையில், உள்ளே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை, நீங்கள் தமிழோ?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊரில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைய என்று தெரியும். ஆனால் நான் அவர்களைத் தேடிப் போனதில்லை. ஒருவரைத் தெரிந்தால் ஊரையே தெரிந்தாக வேண்டும், எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

பெயர் யோகேஸ்வரி. எல்லோரும் யோகம் அக்கா என்பார்களாம். போன வாரம்தான் இந்த உணவகத்துக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். இடைவேளையில் தேநீரோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"உந்தப் பெரிய வட்டக் கட்டடத்துக்குள்ள என்னதான் செய்யிறனீங்கள்?"

சொல்லிப் பார்த்தேன். ஒரு ஆல்கஹால் இருக்கிறது. அதோடு ஆக்சிஜனைச் சேர்த்தால் பாதாம் வாசனை அடிக்கும் ஒரு பொருள் வரும்.

"கேக்குக்கு விடுற எசென்ஸோ?"

"அதேதான் அக்கா. ஆனா அதோட நிக்காது. இன்னுங் கொஞ்சம் ஆக்சிஜன் ஏறினா அமிலமாப் போயிரும். வாசனை போச்சு. நடுவுல நிறுத்தணும். அதுக்குப் பல்லேடியம்னு ஒரு உலோகத்தத் தூளாக்கிப் போடுறோம். அது கூட இருந்து வேலைய நடத்திக் குடுக்கும்."

"அது தெரிஞ்ச விஷயம்தானே. பேந்தென்ன ஆராய்ச்சி?"

வேலை நடக்கும்போது அந்த உலோகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் சண்டை. சுத்த உலோகமாக இருந்துதான் வேலை செய்கிறது என்று ரைனர் பல வருடமாக எழுதி வருகிறார். இல்லை, ஆக்சிஜன் ஏறிய பின்தான் வேலை செய்கிறது என்று இன்னொரு நாட்டுக் குழு. வேலையை நிறுத்தி, தூளை வெளியே எடுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. காற்றுப் பட்டதுமே மாறிவிடும். அதனால் மெல்லிய குழாயில் தூளை அடைத்து, சூடாக்கி, திரவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்ரே கதிரை அதன் வழியே செலுத்திப் பார்க்க வேண்டும். அவ்வளவு வலுவான கதிர் அந்த வட்டக் கட்டடத்தில்தான் கிடைக்கும்.

யோகம் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரும் இஞ்சயோ?" என்றார்.

"அடுத்த மாசம் வாராரு" என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

பீம்டைம் தொடங்கிவிட்டது. நமக்கென்று கதிரை ஒதுக்கித் தரும் நாட்களை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். இரவு நேரத்தை ரைனர் மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டார், பகல் முழுதும் நான்.

ஈயச் சுவர் போட்ட அறைக்குள் குழாயைப் பொருத்தி, கதவைப் பூட்டி, வெளியே வந்து திரையைப் பார்க்க வேண்டும். உலோகத்தின் நிலையைக் காட்டும் கோடு முதலில் கொஞ்சம் அலைந்தது. பிறகு நிலைக்கு வந்தது. பல்லேடியம் சுத்த உலோகம். அதே நேரத்தில் மறுமுனையில் பாதாம் வாசனைப் பொருள் வந்துகொண்டிருப்பதை அளவுமானி காட்டியது. வேலை செய்துகொண்டிருக்கும் உலோகத்தை நேருக்கு நேர் பார்த்தாயிற்று.

ரைனர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "இதை நான் ஓய்வு பெறுவதற்குள் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை" என்றார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல் இருந்தேன்.

தளவாயிடம் சொல்லக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 12

இன்றும் எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ரைனர் அறைக்கு அழைத்தார். அடுத்த மூன்று வருடத்துக்கான நிதி விண்ணப்பத்தில் என் ஆய்வு முடிவை முன்னால் வைக்கப் போகிறாராம். அது கிடைத்தால் செப்டம்பரில் முடியும் என் ஒப்பந்தம் நீளும். அவர் போன பிறகும் நான் இங்கே இருக்கலாம். "உன் கணவர் வரும் நேரத்துக்கு நல்ல செய்தி" என்றார்.

தளவாய் மாலையில் கூப்பிட்டார். ஃபோன் சார்ஜில் இருந்ததாம். சொன்னேன். "பரவால்லயே, கெட்டிக்காரி" என்றார். பின்னால் யாரோ கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த சத்தம். பக்கத்து வீட்டில் இருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். சாத்தூரிலிருந்து சென்னைக்குக் கூட்டி வர வேண்டும். ஏப்ரல் முடியத் தளவாய் அங்கே இருந்துதான் ஆக வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்?

கட்டடத்துக்குப் பொதுவான துணி துவைக்கும் அறை எனக்கு வியாழக்கிழமை. மறந்துபோய் இன்று இறங்கித் துவைக்கத் தொடங்கினேன். கீழ்வீட்டம்மா கதவைத் திறந்து சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை யாருமே துவைக்கக் கூடாதாம். மன்னிப்புக் கேட்டு ஈரத்தோடு தூக்கிக்கொண்டு ஏறினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. எனக்கு ஞாபகமே இல்லை. யோகம் அக்கா டப்பாவில் பாயசம் கொண்டுவந்திருந்தார்.

"அவர் காலமை கதைச்சவரோ?"

"பேசினாரு அக்கா. எந்திரிக்கும் முன்னாடியே கூப்ட்டாரு."

அக்கா ஏன் என்னை அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வரச் சொன்னார். வேலை இருக்கிறது என்றேன். வேலை இருக்கத்தான் செய்தது. கட்டுரையின் முதல் வரைவை இந்த வாரம் முடிக்க வேண்டும்.

மே 5, திங்கள்

விசாத் தேதி இன்றோடு முடிந்தது. துணிக்குப் போடும் சோப்புத்தூள் வாங்கினேன்.

மே 12, திங்கள்

கட்டுரைக்குப் படம் வரைய மார்ச் மாத அளவீடுகளை எடுத்தேன். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதல் சில நிமிடக் கோடுகள் அலைகின்றன. கருவி நிலைக்கு வரும் நேரம் என்று அவற்றை ஒதுக்கியிருந்தோம். எல்லோரும் அப்படித்தான் ஒதுக்குவார்கள்.

இன்று அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். கருவி தடுமாறினால் கோடு இரண்டு பக்கமும் ஆடும். இது ஆடவில்லை. ஒரே திசையில் போகிறது. ஆக்சிஜன் ஏறிய நிலையிலிருந்து சுத்த உலோகத்துக்கு. ஒவ்வொரு முறையும்.

கணினியை மூடிவிட்டு ஆற்றங்கரை வரை நடந்தேன். ஆரே ஆற்றில் உருகிய பனித் தண்ணீர் ஓடுகிறது. கோவில்பட்டிக்காரிக்கு இவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் இப்போதும் கொஞ்சம் பயம்தான். வந்து சாம்பார் வைத்தேன். புளி அதிகம்.

மே 20, செவ்வாய்

வேறொரு குழு அரை நாள் முன்னதாக முடித்ததால் கதிர் சும்மா கிடந்தது. கேட்டு வாங்கினேன். ரைனரிடம் சொல்லவில்லை.

அதே தூள், அதே சூடு, அதே திரவம். கோடு நிலைக்கு வந்து சுத்த உலோகத்தைக் காட்டும் வரை காத்திருந்தேன். பிறகு வேறு எதையும் தொடாமல் குழாயை மட்டும் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினேன். அதுவரை கதிர் படாத இடம்.

அங்கே சுத்த உலோகம் இல்லை. பல்லேடியத்தின் மேல் ஆக்சிஜன் தோல் போர்த்தியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு காபி குடிக்கிற நேரத்தில், அந்தத் தோல் கரைந்து உலோகமாயிற்று. இன்னும் மூன்று இடத்துக்கு நகர்த்தினேன். மூன்றிலும் அதே கதை.

ஆல்கஹாலின் நடுவில் அவ்வளவு வலுவான எக்ஸ்ரே விழுந்தால் அந்தக் கதிரே உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சிஜனை உரித்துவிடும். நாங்கள் கண்டது, நாங்கள் பார்த்ததால் உண்டானது. குழாயின் மற்ற இடங்களில், யாரும் பார்க்காத தூளில், வேலை வேறு விதமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. வாசனைப் பொருள் வந்ததெல்லாம் அங்கிருந்துதான்.

நிதி விண்ணப்பம் போன வாரமே போய்விட்டது.

மே 21

தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்தேன். பழைய செய்தித்தாள்களைக் கட்டிக் குப்பைக்கு வைத்தேன். இங்கே அவற்றை நூல் போட்டுக் கட்ட வேண்டும், இல்லையென்றால் எடுக்க மாட்டார்கள்.

சும்மா இருந்துவிடலாம். யாரும் குழாயை நகர்த்திப் பார்க்கப் போவதில்லை. கட்டுரை வெளிவரும், ஒப்பந்தம் நீளும், ரைனர் மாலை மரியாதையோடு ஓய்வு பெறுவார். இதை யாரிடமாவது சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. தளவாயைக் கூப்பிட எடுத்தேன். என்ன சொல்வார் என்று தெரிந்ததால் வைத்துவிட்டேன். "ஒனக்குத் தெரியாததா" என்பார்.

மே 23, வெள்ளி

ரைனரிடம் சொல்லிவிட்டேன். கோடுகளை அச்சடித்து மேசையில் பரப்பினேன். முதல் தாளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் எல்லாத் தாளையும் பார்த்தார்.

"சூடு நிலையாக இருந்ததா?"

"இருந்தது."

"எத்தனை இடம்?"

"நாலு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் முதல் தாளை மறுபடியும் கையில் எடுத்தார்.

"நீ இதைப் பார்க்காமல் விட்டிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யாமல் இருந்திருக்கலாம் என்று சொல்வது போல இருந்தது.

"ஆமாம்" என்றேன்.

"என் பழைய அளவீடுகள்? அவையும் இப்படித்தானா?"

"தெரியவில்லை. அப்போதிருந்த கதிர் இவ்வளவு வலுவில்லை."

"தெரியவில்லை" என்று அவரும் சொல்லிக்கொண்டார். தாள்களை அடுக்கி, ஓரம் சரிசெய்து, என்னிடம் கொடுக்காமல் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "நீ பார்த்துவிட்டாய். இப்போது நானும் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை நிதி தருபவர்களுக்கு எழுதி விண்ணப்பத்தில் அந்தப் பகுதியை நீக்கச் சொல்கிறேன்."

கதவு வரை போன பிறகு கூப்பிட்டு, "உன் கணவர் எப்போது வருகிறார்?" என்று கேட்டார். நல்ல மனிதர். அந்த நேரத்தில் அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தளவாயை நானே கூப்பிட்டேன். மணி அடித்து நிற்கப் போகும்போது எடுத்தார்.

"ஒண்ணு கேக்கேன். நேராச் சொல்லுங்க. நீங்க வரப் போறீங்களா, இல்லையா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"வரணும்னுதான் நெனச்சேன் செண்பா."

"நெனச்சீங்கன்னு தெரியும்."

"நீ போன புதுசுல ரெம்பக் கஷ்டமா இருந்துச்சு. வீட்டுக்கு வரவே பிடிக்காது. ஆபீஸ்லயே கெடப்பேன். பெறகு சமைக்கப் படிச்சேன். சாயந்தரம் நடக்கப் போனேன். இப்ப அந்தக் கஷ்டம் இல்ல. எப்பப் போச்சுன்னே தெரியல. அத ஒன்கிட்ட எப்படிச் சொல்ல?"

"வேற யாரும்..."

"யாரும் இல்ல. நெசமாச் சொல்லுதேன். யாராச்சும் இருந்திருந்தா சொல்லுறதுக்கு லேசா இருந்திருக்கும்."

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆடிட், மாமியார் கண், சார்ஜில் இருந்த ஃபோன் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் ஒரே திசையில்தான் போயிருக்கின்றன.

"ஃபோன்ல முடிக்க வேண்டாம். நேர்ல வாரேன். ஒரு வாரம் லீவு போட்டு வாரேன்" என்றார்.

"முடிக்க" என்று அவர்தான் சொன்னார். நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

ஜூன் 26, வியாழன்

துணி துவைத்தேன். கதிர் வழியில் அலுமினியத் தகடுகளை வைத்து அதன் வலுவைக் குறைத்தோம். ஓரிடத்தில் குவியாமல் பரவவும் விட்டோம். கோடு மங்கலாக வருகிறது. நாள் முழுக்கச் சேர்த்தால்தான் ஒரு படம். ஆனால் நாங்கள் பார்ப்பதால் தூள் மாறவில்லை. ரைனர் தகடுகளைத் தன் கையால் வெட்டிக் கொடுத்தார். விரலில் கீறல்.

ஜூலை 9, புதன்

இப்போது தெரிவது இவ்வளவுதான். ஆல்கஹாலும் ஆக்சிஜனும் சரிசமமாக ஓடும்போது உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்சிஜன் தோல் இருக்கிறது. அது இருக்கும்போதே வேலை நடக்கிறது. ஆக்சிஜனைக் கூட்டினால் தோல் தடித்து, வேலை நின்றுபோகிறது. ரைனர் சொன்னதும் பாதி, அந்த இன்னொரு குழு சொன்னதும் பாதி. பெரிய கட்டுரை இல்லை. இந்த மாதிரி அளவீடு செய்கிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் சின்னக் கட்டுரை. ரைனர் தன் பெயரை இரண்டாவதாகப் போடச் சொன்னார்.

நிதி கிடைக்கவில்லை. என் ஒப்பந்தத்தைச் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை நீட்ட மட்டும் எங்கிருந்தோ ஏற்பாடு செய்திருக்கிறார். பிறகு வேறு ஊரில் தேட வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தளவாய் நேற்று வந்தார். சுற்றுலா விசா. இளைத்திருக்கிறார், அது அவருக்கு நன்றாக இருக்கிறது. முறுக்கும் கருப்பட்டியும் கொண்டுவந்தார். விமானத்தில் தூங்கவில்லையாம், பகலெல்லாம் தூங்கினார். நான் கதவுகளைச் சத்தம் வராமல் சாத்தி நடமாடிக்கொண்டிருந்தேன், சொந்த வீட்டில் விருந்தாளி போல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சமையல் அவர்தான். ரசம் நன்றாக வைக்கிறார். என்னை விடவும். பாத்திரங்களை வேறு வேறு இடத்தில் வைத்துவிடுகிறார். தேட வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அனுமதி வாங்கிக் கூட்டிப் போனேன். ஈயக் கதவு, குழாய், திரை எல்லாம் காட்டினேன். வால்வு பார்த்துப் பழகிய கண், குழாய் இணைப்புகளைக் குனிந்து குனிந்து பார்த்தார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மார்ச்சில் கண்டது, மே மாதம் கண்டது, சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் கிடந்தது. இடையில் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் கேட்டார். கல்யாணமான புதிதில் அப்படிக் கேட்பார்.

"அன்னைக்கே எனக்கு ஃபோன் போட்டிருக்கலாம்லா?" என்றார்.

"போட எடுத்தேன்."

"ம்" என்றார்.

உணவகத்தில் யோகம் அக்கா அவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, தட்டில் ஒரு கரண்டி அதிகம் வைத்தார். "கடைசில வந்திட்டார்" என்றார் என்னிடம். தளவாய் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பேசிவிட்டோம். ஆற்றங்கரையில் நடந்துகொண்டே. அதிகம் பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் அவரே சொல்கிறேன் என்றார். என் அம்மாவுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

"நீ இங்க சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். "ஆனா வேலையில இருக்கேன்."

அவர் அழுதார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். கோடைக்கு நீந்த வந்தவர்கள் தண்ணீரில் மிதந்துபோனார்கள், சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு.

ஆகஸ்ட் 9, சனி

விமான நிலையம் வரை கூடப் போனேன். பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து, "போய்ச் சேந்ததும் கூப்பிடுதேன்" என்றார்.

"கூப்பிட வேண்டாம். மெசேஜ் போடுங்க, போதும். பேசணும்னு தோணினா நான் கூப்பிடுறேன்."

தலையாட்டினார். சோதனை வரிசையில் பெல்ட்டைக் கழற்றியபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கூட்டம் மறைத்துவிட்டது.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மா ஏறினார். கையில் துணிப்பை நிறைய ஆப்ரிகாட் பழம். என் பையைக் காட்டி, இந்த இடத்துக்கு யாராவது வருகிறார்களா என்று ஜெர்மனில் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இத்தனை மாதமும் வருகிறார் என்றுதான் பதில் சொல்லி வந்தேன்.

"இல்லை, யாரும் வரவில்லை" என்று சொல்லிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்ததும் எனக்கு ஒரு பழம் கொடுத்தார். பிறகு பேசத் தொடங்கினார். தோட்டமோ, மகளோ, முழங்கால் வலியோ, இந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பாதிகூடப் புரியாது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வரும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.